உதறித் தள்ளும் சிம்மாசனம்

“உட்காராதீங்க, உதறித் தள்ளிரும்.” கிழங்கு வாங்க வந்து, கால் வலியில் நாற்காலியைத் தேடுகிற எவரையும் தம்பிராஜா இப்படித்தான் விரட்டுவார். மலாக்காவின் காஜா பெராங்கில் அவர் வீட்டு மாமரத்தடியில் அது கிடக்கிறது. தங்கத்தாள் உரிந்து, ஒரு கைப்பிடியில் மட்டும் சிங்கமுகம் மிஞ்சிய நாற்காலி. ஜப்பான்காரன் வந்ததும் கலைந்துபோன பங்சாவான் என்ற மலாய் நாடகக் குழுவில் அவர் ராஜா வேடம் கட்டியவர். குழு போய்விட்டது, சிம்மாசனம் தங்கிவிட்டது.

இப்போது மரவள்ளிக்கிழங்கு அவித்து விற்கிறார். கிழங்கோடு கதையும் உண்டு. ஒரு மாயச் சக்கரவர்த்தியின் நாடு. சுத்த ராஜரத்தம் இல்லாதவன் அமர்ந்தால் அங்குள்ள சிம்மாசனம் அவனை உதறித் தள்ளிவிடும். இளவரசனின் தாயோ கடல் கடந்து வந்த வேற்று இனத்தவள். அவன் சிம்மாசனத்தின் முன்னால் வந்து நிற்கிறான். ஒரு மாதமாக நின்றுகொண்டே இருக்கிறான். சட்டென்று உட்கார வையுங்களேன் என்றால், “சபார்லா, பொறுங்க, அவனுக்கும் பயம் இருக்காதா?” என்பார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் மறுநாள் போய் நிற்பேன்.

தம்பிராஜா மலாக்காச் செட்டி; அந்தக் காலத்தில் வந்த தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உண்டான வம்சம். நெற்றியில் திருநீறு, இடுப்பில் கைலி, வீட்டில் பேசுவது மலாய். தமிழ் எங்களைப் போன்ற அண்டை வீட்டாரிடம் பழகியது.

அவரும் இப்போதெல்லாம் உட்காருவதில்லை. கல்யாணமாகாத பெண்களைச் சிப்பாய்கள் கொண்டுபோகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, அடுப்புக்கும் வேலிக்குமாக நடந்துகொண்டே இருக்கிறார். தெருவில் லாரி உறுமினால் கதை பாதியில் நிற்கும். மகள் மல்லிகா பின்பக்கம் ஓடி ஒளிந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வரும்.

அவளுக்கு ஒரு வரன் கூடி வந்திருக்கிறது. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம். பையனுக்குச் சம்மதம். அவன் தாயார் சிவகாமசுந்தரிக்குத்தான் ரத்தத்தில் சந்தேகம். பிள்ளையார் கோயிலில் சூடம் அணைத்து, தன் குலத்தில் கலப்பே இல்லை என்று தம்பிராஜா சத்தியம் செய்தால் போதுமாம்.

நாள் முழுக்கக் கதை அளக்கிற மனிதருக்கு இன்னொரு பொய் என்ன பாரமா? பெண்ணின் உயிரைவிட இது பெரிதா என்று நானே கேட்டேன். அவர் அடுப்பில் விறகைத் தள்ளினார்.

நேற்று அந்த அம்மாள் நேரிலேயே வந்தார். கோயிலுக்குப் போகும் வழியில், வேலியோரம் நின்று சிம்மாசனக் கதையைப் பல நாள் கேட்டவர்தான். எப்போது சத்தியம் என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

தம்பிராஜா சட்டியை இறக்கி வைத்தார். “எங்க மோயாங், முப்பாட்டி, ஜாவாக்காரிம்மா. அவ கெபாயாச் சட்டையத்தான் மல்லிகா நல்ல நாள்ல போடுறா. அப்படி ஒருத்தி இல்லவே இல்லைன்னு நான் எப்படிச் சூடம் அணைக்கிறது?”

“எங்க குலம் சுத்தம். அதனாலதான் கேக்குறேன்.”

தம்பிராஜா தோள்துண்டால் நாற்காலியைத் துடைத்து, அந்த அம்மாள் பக்கமாகத் திருப்பினார்.

“அப்போ உட்காருங்கம்மா.”

சிவகாமசுந்தரி சிங்கமுகத்தைப் பார்த்தார். சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை.

தம்பிராஜா இருக்கையை இன்னொரு முறை துடைத்தார்.