லாரிக்காரி க்வெண்டா நர்ஸ் ஆனது

க்வெண்டா ப்ராஸர் இருபத்திரண்டு வருஷம் குதிரை ஏற்றும் லாரி ஓட்டியவள். இங்கிலாந்தின் ஹெரிபோர்ட்ஷயரில் பந்தயக் குதிரை வைத்திருப்பவர்களில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. நாற்பத்து நாலு வயதில் அவள் லாரியை விற்றுவிட்டுக் குதிரை நர்ஸ் படிப்பில் சேரப் போகிறாள் என்ற செய்தி வந்தபோது, அவள் அடிக்கடி வந்துபோகும் குதிரை ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்த நானே நம்பவில்லை.

காரணம் ஒரு பெட்டைக் குதிரை. நெடுஞ்சாலையில் போகும்போது அதற்கு வயிற்றுவலி வந்து லாரிக்குள் உதைக்கத் தொடங்கியது. ஓரமாக நிறுத்தி டாக்டரை அழைத்தாள். அவரோடு வந்த நர்ஸ் ஈறின் நிறம் பார்த்தாள், நாடி எண்ணினாள், கழுத்து நரம்பில் ஊசிக்குழாய் செருகினாள். குதிரை பிழைத்தது.

"அவ்வளவும் நடந்தப்ப நான் கயிற்றப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதுக்குமேல எனக்கு ஒண்ணும் தெரியல," என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அவள் கணவன் டெரிக் செம்மறி ஆட்டுப் பண்ணைக்காரன். "இத்தனை வருஷம் குதிரைய ஏத்தி இறக்குனது போதாதா? இப்ப ஊசி வேற போடணுமா?" என்றான்.

"உனக்கும் சேர்த்துப் போடறேன், பேசாம சாப்பிடு."

கல்லூரியில் சேர பள்ளி இறுதிக் கணக்குத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். பதினாறு வயதில் அந்தத் தேர்வுக்கே போகாமல் லாயத்தில் வேலைக்குப் போனவள் க்வெண்டா. மாலை வகுப்பில் சேர்ந்து எழுதினாள். இரண்டு முறை தோற்றாள். மூன்றாவது முறை தேறினாள்.

வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் இருபதுக்குக் கீழே. மாணவிகளுக்கான பச்சைக்கோடு போட்ட சட்டை அவளுக்குத் தோளில் இறுக்கிப் பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டு, குளம்புச் சத்தத்தை வைத்தே எந்தக் கால் நொண்டுகிறது என்று சொல்லிவிடுவாள். ஆனால் மருந்துக் கணக்கில் தசமப் புள்ளி எந்தப் பக்கம் நகரும் என்பது மட்டும் பிடிபடவில்லை. முதல் தேர்வில் இருபதுக்கு ஐந்து.

பக்கத்து மேஜை பெத்தன் வாய்த்துடுக்குக்காரி. தாளை எட்டிப் பார்த்து, "நீ மருந்து குடுத்தா குதிரை தூங்காது, போயே சேர்ந்துடும்," என்றாள்.

"சிரிச்சது போதும். எப்படிப் போடறதுன்னு சொல்லு."

பெத்தன் சொல்லிக்கொடுத்தாள், பொறுமையில்லாமல்தான். ஒருநாள் க்வெண்டாவே வழி கண்டுபிடித்தாள். குதிரையின் எடை லாரியின் சுமை, மருந்து டீசல். இத்தனை சுமைக்கு இத்தனை டீசல் என்று யோசித்ததும் புள்ளி தானாகச் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. சமையலறையில் சர்க்கரைத் தண்ணீரை ஊசிக்குழாயில் இழுத்து இழுத்துப் பழகினாள். டெரிக்கின் தேநீரெல்லாம் ஒரு மாதம் மில்லி கணக்கில்தான் இனித்தது.

இரண்டாம் ஆண்டு, பெத்தனும் அவளும் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்தார்கள். பிப்ரவரி மாதம், காலை பத்து மணி. காலில் ஒரு சிறு எலும்பு முறிந்து நொண்டிய மட்டக்குதிரை ஒன்றுக்கு அறுவை. குளிர்கால ரோமம் அடர்ந்து கரடி மாதிரி இருந்தது. மயக்க மருந்து தட்டில் தயார். க்வெண்டா குதிரையைப் பிடித்து வந்தவள், அதன் தோளில் கையை வைத்து ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். பிறகு அதன் எடை எழுதியிருந்த அட்டையைப் பார்த்தாள்.

"ஹ்யூ, இவன் நானூத்தி எண்பது கிலோ இல்ல," என்றாள்.

அறுவை மருத்துவர் ஹ்யூ மார்ஸ்டன் அவளைவிடப் பத்து வயது இளையவர், கோபக்காரர். "அட்டையில அப்படித்தான இருக்கு."

"அட்டை தப்பு. முந்நூத்தி அம்பதத் தாண்ட மாட்டான்."

"கணக்குல நீங்க எப்படின்னு எனக்குத் தெரியும் க்வெண்டா."

"கணக்குல தப்பியிருக்கேன். இருபத்திரண்டு வருஷத்துல குதிரை எடையில தப்புனதில்ல. ஒருத்தர் தப்பா சொன்னா என் லாரி அச்சு முறியும்."

"சரி, எடை மேடையில ஏத்துங்க," என்றார் ஹ்யூ.

குதிரை மேடையில் கால் வைக்க மறுத்தது. வந்த அன்றும் இப்படியே அடம்பிடித்ததால்தான் நிறுக்காமல் விட்டிருந்தார்கள். அதே சொந்தக்காரரின் வேறொரு குதிரையின் எடை இதன் அட்டையில் ஏறியிருந்தது. க்வெண்டா வற்புறுத்தவில்லை. குதிரையைத் திருப்பி, நெஞ்சில் கை வைத்து மெல்லப் பின்னோக்கி நடத்தினாள். நாலு காலும் மேடைமேல்.

முந்நூற்று நாற்பத்திரண்டு.

தட்டில் இருந்த மருந்து வேண்டியதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஹ்யூ பேனாவை அவளிடம் நீட்டினார். "நீங்களே புது அளவு போடுங்க. நான் சரி பார்க்கறேன்."

சுவரில் தாளை வைத்து எழுதினாள். புள்ளியை அழுத்தி வைத்தாள். "ஏழரை மில்லி."

நான் பிறந்த தமிழ்நாட்டில் ஏழரை என்றால் சனி பிடித்த காலம். அன்று அவளுக்கு அது விட்ட நேரம். கால்குலேட்டரைத் தட்டிய பெத்தன் தலைநிமிர்ந்து, "சரிதான், கிழவி," என்றாள். ஹ்யூவும் போட்டுப் பார்த்துத் தலையாட்டினார். அறுவை முடிந்து நாற்பது நிமிஷத்தில் மட்டக்குதிரை எழுந்து நின்று வைக்கோல் தேடியது.

மறுநாளிலிருந்து எந்தக் குதிரையும் மேடை ஏறாமல் மயக்க அறைக்குள் போகக்கூடாது என்று ஹ்யூ உத்தரவு போட்டார். மேடை ஏற மறுக்கும் குதிரை வந்தால், "க்வெண்டாவக் கூப்பிடுங்க," என்பார்.

ஜூலையில் இறுதி முடிவு வந்தது. மருந்துக் கணக்கில் இருபதுக்குப் பத்தொன்பது. பாராட்டப் போன என்னிடம், "அந்த ஒரு மார்க் எங்க போச்சுன்னு கேட்டு எழுதியிருக்கேன்," என்றாள். நிஜமாகவே எழுதியிருந்தாள்.

தேறிய நர்ஸுக்கான கரும்பச்சைச் சீருடையை டெரிக் தானே இஸ்திரி போட்டுக் கொடுத்தானாம். வேலைக்கு வந்த முதல் நாள், தன் குதிரைக்காகக் கவலையோடு காத்திருந்த ஒரு பெரியவர் எழுந்து, "டாக்டரம்மா, என் குதிரை எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நான் டாக்டர் இல்லைங்க," என்றாள் க்வெண்டா, அதைவிடப் பெரிய பதவியைச் சொல்பவள் போல. "நான் நர்ஸ். வாங்க, காட்டறேன்."