செங்கோடன் பிடித்த டிரோன்காரி

மலைமேல் திருப்புலி நாட்டில் செங்கோடன் தும்மினால் அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டி பஸ் பிரேக் போடும். அப்படியொரு தொண்டை. அவன் ஊரில் அடுத்தவர் பயிர் வைத்த காட்டுக்குள் கால் வைக்குமுன் ஒரு குரல் கொடுப்பார்கள். உள்ளே பெண்டு பிள்ளைகள் இருந்தால் சுதாரித்துக்கொள்ளட்டும் என்று. செங்கோடன் குரல் கொடுத்தால் பெண்கள் என்ன, காட்டுப்பன்றியே எழுந்து நின்று மரியாதை செய்யும்.

அன்று ஓடையில் குளிக்கப் போன அவன் மனைவி சுகுணா ஈரத்தலையோடு ஓடிவந்தாள்.

"ஏனுங்க, தலைக்கு மேல ஒரு டிரோனு சுத்துதுங்க! எவனோ படம் புடிக்கிறான்!"

செங்கோடனுக்கு மீசை தானாகவே முறுக்கிக்கொண்டது. பக்கத்து ஊட்டு மாணிக்கம் போனை எடுத்தான். பறப்பது யாருடையது என்று நாளைக்கு அரசாங்கம் கேட்டாலும் கேட்கும் என்று, இப்போது வரும் சில டிரோன்கள் தங்கள் நம்பரையும் ஓட்டுகிறவர் நிற்கிற இடத்தையும் சொல்லிக்கொண்டே பறக்கின்றன. அதைக் காட்டுகிற ஆப் ஒன்று மாணிக்கத்தின் போனில் இருந்தது.

"கருப்பண்ணன் மரவள்ளிக் காட்டுல, பலா மரத்தடியில இருக்கறானுங்கண்ணா. புள்ளி அசையவே இல்ல."

"குரலு கிரலு குடுத்துராத. ஓடிருவான்," என்றான் செங்கோடன்.

பிறந்ததிலிருந்து முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு, கையில் தடியோடு, பூனைக்கே பாடம் எடுக்கிற மாதிரி பதுங்கிப் போனான். மாணிக்கம் பின்னால். மரவள்ளிச் செடிகளை விலக்கி ஒரே பாய்ச்சல்.

"மாட்டுனியாடா!"

மரத்தடியில் அருணா. மாவுப்பூச்சிக்கு மருந்தடிக்க அடிவாரத்திலிருந்து வந்த பெண். டிரோன் தன் பாட்டுக்கு வரிசை வரிசையாக அடித்துக்கொண்டிருக்க, ரிமோட்டை மடியருகே வைத்துப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை வீறிட்டது. செங்கோடன் திரும்பிய வேகத்தில் மாணிக்கத்தின் நெற்றியில் மோதி இரண்டு பேரும் விழுந்தார்கள். செங்கோடன் தரையைப் பார்த்தபடியே எழுந்தான்.

"குரல் குடுத்துட்டு வரோணும்னு தோணலீங்களாண்ணா?" அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டாள்.

"படம் புடிக்கிறவன்னு நெனச்சுட்டேன் கண்ணு… ஓடையில பொம்பளைங்க…"

"திரும்பறப்ப ஓடை மேல போயிருக்கும், அது என் தப்புத்தானுங்க. சந்தேகம்னா நம்பரப் பாத்து ஸ்டேசன்ல கேக்கலாமில்ல? நான் தனியா எங்க உக்காந்திருக்கறன்னு போன் வெச்சிருக்கற அத்தன பேருக்கும் காட்டுதே, அது எந்த ஊரு நாயமுங்க?"

செங்கோடனுக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. அது பிளக்கவில்லை. அதற்குள் சுகுணா வந்துவிட்டாள். நடந்ததைக் கேட்டாள்.

"ஓடையில பாத்தது மிசினு. இங்க பாத்தது நீங்க," என்றாள். அவ்வளவுதான். வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

மறுநாள் அருணா மருந்தடிக்க வேண்டியது செங்கோடன் காடு. விடியுமுன்னே பையைத் தூக்கிவிட்டான்.

"எங்கீங்க?" என்றாள் சுகுணா.

"பேளுக்குறிச்சி சந்தைக்கு."

"இன்னைக்கு ஏதுங்க சந்தை?"

அவன் அதற்குள் வாசல் தாண்டிவிட்டான். சாயங்காலம் வரை ஆளில்லாத சந்தைப்பேட்டையில் உட்கார்ந்திருந்தான். ஒரு நாய் வந்து அவனை நிமிர்ந்து பார்த்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.