ரெனிஷுக்கு ஒரு பிடி மண்

என் மூத்தவன் ஞானத்துக்குக் கடல் ஆகாது. குளச்சலில் அலைச்சத்தம் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் வள்ளத்தில் கால் வைத்தால் குடல் வெளியே வந்துவிடும். அதனால் அவன் படிப்புப் பக்கம் போனான். இளையவன் ரெனிஷ் கப்பலுக்குப் போனான்.

ஞானம் இப்போது நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் இருக்கிறான். நானும் அவனோடுதான். ஆளில்லாத ரோட்டிலும் ஸ்டாப் போர்டைக் கண்டால் காரை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் எடுப்பான்.

"யாருக்குடா நிக்கே?" என்பேன்.

"ரூல்ஸ்மா" என்பான். கிரீன் கார்டுக்குக் காத்திருந்த காலத்தில் பிடித்த பயம். கார்டு வந்த பிறகும் போகவில்லை.

கொரோனா வருஷத்தில் ரெனிஷ் கப்பலிலேயே காய்ச்சலில் போய்விட்டான். எந்தத் துறைமுகமும் உடலை வாங்கவில்லை. கடைசியில் கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு இடம் கொடுத்தது. அவன் குழியில் எங்களில் ஒருவரும் ஒரு பிடி மண் போடவில்லை. எங்கள் ஊரில் பகையாளிகூட அதைப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான்.

ஊரில் ரெனிஷின் அப்பா கல்லறையிலிருந்து ஒரு பிடி மண் அள்ளி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மிளகாய்ப்பொடிப் பொட்டலங்களுக்கு நடுவில் வைத்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தேன். ஞானத்திடம் சொல்லவில்லை. சொன்னால் விடுவானா?

இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அந்தப் பாட்டிலை ஞானம் கையில் கொடுத்து, தம்பி குழியில் போட்டுவிட்டு வா என்று அனுப்பினேன். அந்தத் தீவுக்கு விமானம் கிடையாது. பெரிய தீவில் இறங்கி, பாய்மரப் படகு பிடிக்க வேண்டும். வழியெல்லாம் வாந்தி. பாட்டிலை மட்டும் மடியிலிருந்து இறக்கவில்லையாம்.

படகுத்துறையிலிருந்து போனில் முகம் காட்டினான். வெளிறிப்போயிருந்தான்.

"அம்மா, மண்ண வாங்கி வச்சிட்டாங்க."

"யாரு?"

"இங்க உள்ள ஆபீசர். வெளியூர் மண்ணு தீவுக்குள்ள வரக்கூடாதாம். பயிருக்கு நோய் வருமாம்."

"பையத் தொறந்து பாத்தானா?"

போனைத் திருப்பிக் கடலைக் காட்டினான்.

"லேய், பாத்தானான்னு கேக்கேன்."

"இல்லம்மா. நானே சொன்னேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ரெண்டு ஏர்போர்ட்டு தாண்டிக் கொண்டாந்தேன்டா நான்! உனக்கு ஒரு படகுத்துறை தாண்ட முடியலையா? தம்பிக்காக ஒரு பொய் சொன்னா நாக்கு அழுகிருமா?"

அவன் அழுதான். "அம்மா, எல்லாரும் விரட்டுனப்ப நம்ம ரெனிஷ வாங்கிக்கிட்ட ஊரும்மா இது. இதுக்கிட்ட எப்படிம்மா பொய் சொல்ல?"

"போன அணைக்காம கல்லறைக்குப் போ" என்றேன்.

கல்லறைத் தோட்டம் கடற்கரையிலேயே இருந்தது. சுற்றிலும் சங்கு பதித்த மேடுகள். ஒரு மரச்சிலுவையில் ரெனிஷ் பெயர். ஞானம் மெழுகுவர்த்தி ஏற்றினான், காற்று அணைத்தது, மறுபடி ஏற்றினான். பிறகு அந்த ஊர் மணலையே ஒரு பிடி அள்ளினான். அள்ளியவன் அப்படியே நின்றான். கை திறக்கவில்லை.

"போடு மக்கா" என்றேன். "எனக்கும் சேத்துப் போடு."

போட்டான்.

பாட்டிலைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்களாம். வெறும் பாட்டிலோடு வீடு வந்து சேர்ந்தான். "அங்கேருந்து ஒரு பிடி மணலாவது கொண்டாந்திருக்கலாம்லா?" என்றேன்.

"அதுவும் கூடாதும்மா" என்றான்.