ஐந்து பேர் என்று சொன்னேன்

பலெர்மோவின் பழைய நகரில் நாங்கள் இருந்த வீட்டுக்கு எழுபத்திரண்டு படிகள். போர்க்காலக் குண்டில் ஆட்டம் கண்ட கூரையைப் பதினொரு மரத்தூண்கள் தாங்கி நின்றன. தினமும் எண்ணுவேன். ஒன்று சரிந்தாலும் எல்லோரும் போவோம் என்ற பயம்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பகுதியைத் திருத்தத் தொடங்கினார்கள். பணக்காரர் உலாவும் பொலிதேயாமாப் பக்கம் மட்டுமே நாங்கள் கண்டிருந்த கனவான்கள் எங்கள் ஒழுங்கைக்கு வந்து இடிந்த மாடங்களை அண்ணாந்து பார்த்தார்கள். இனி வாடகை ஏறும், இருப்பவர்கள் வெளியேற வேண்டிவரும் என்று பேச்சு. அதைத் தடுக்க ஓர் ஏற்பாடு இருந்தது: திருத்த வேலைக்கு முன் நகரசபையார் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் ஆட்களைப் பட்டியலில் எழுதுவார்கள். எழுதப்பட்டவர்களுக்குத் தற்காலிக இடம். முடிந்ததும் பழைய வாடகைக்கே திரும்பி வரலாம். நான் அதை நம்பவில்லை.

எழுத வந்தவள் ஓர் இளம் பெண். கீழே துணிக்கடை வைத்திருந்த சீனப் பெரியவர் தன் குடும்பத்தார் ஏழு பேரையும் வாசலில் வரிசையாக நிறுத்தினார். தூங்கிய குழந்தையையும் தூக்கிக் காட்டினார். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. இலங்கையில் எங்கள் ஊரில் ஆள் எண்ண வந்த ராணுவத்திடம் வீட்டிலிருந்த எல்லோரையும் சொன்னவர் இல்லை.

எங்கள் பின்னறையில் மன்னாரிலிருந்து வந்த கணவனும் மனைவியும் ஆறு மாதக் குழந்தையும் இருந்தார்கள். வீட்டை வாடகைக்கு விட்ட சிஞ்ஞோரா அம்மாவுக்கு அது தெரியாது. இத்தாலி மொழி பேசக்கூடியவன் நான்தான். அவர்களுடைய கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "ஐந்து பேர்" என்றேன். என் வீட்டு ஐவர். கையெழுத்தும் வைத்தேன்.

ஐவருக்கு மட்டும் தற்காலிக இடத்துக்கான கடிதம் வந்தது. விடுபட்ட மூவரையும் சேர்க்கக் கேட்டு மூன்று முறை அலுவலகத்துக்குப் போனேன். பட்டியல் மூடியாயிற்று என்றாள் அதே பெண். குரலில் கடுமை இல்லை. என் பெயரை வெட்டிவிட்டுக் குழந்தையை எழுதச் சொன்னேன். அதற்கு வழியில்லை என்றாள்.

வந்து சொன்னபோது கணவன் சிரிக்காமல் சொன்னான்: "ஐயா படி எண்ணுவார், தூண் எண்ணுவார். எங்கடை மூண்டு தலையை மட்டும் விட்டிட்டார்."

"பயந்திட்டன், தம்பி."

மனைவி குழந்தையின் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "அவரை ஏன் பேசுறியள்? கதவுக்குப் பின்னாலை பிள்ளையின்ரை வாயைப் பொத்திக்கொண்டு நிண்டது நான்தானே."

நகரின் ஓரத்தில், கடற்கரை ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில் தெரிந்தவர் ஒருவரின் அறை அவர்களுக்குக் கிடைத்தது. பையை வாங்கிக்கொண்டு நான் முன்னால் இறங்கினேன். பேருந்து வரும்வரை தரிப்பில் நின்றோம். குழந்தை உரக்க அழுதது. யாரும் அதை அமர்த்தவில்லை.