சமவலுப்புள்ளிக்கு நான் போட்ட வளைவு

பிள்ளைகளே, எட்டாம் வகுப்போடு தையல் மெசினில் இருந்தவன் நான். வெள்ளவத்தையில் எங்கள் தையல் கடைக்குப் பின்னால்தான் வீடு. மகள் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறாள்.

ரியூஷனில் அவள் ஒரு பரிசோதனை செய்தாள். அமிலத்துக்குள் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மீற்றர் காட்டும் பீஎச்சை எழுதவேண்டும். பிறகு அதை வரைபுத்தாளில் புள்ளியாக வைத்து, புள்ளிகளை இணைத்து, அமிலமும் காரமும் சரிக்குச் சரியாக முடிந்த இடத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். அதற்குச் சமவலுப்புள்ளி என்று பெயர். இடம் பிழைத்தால் முழுப் பரிசோதனையையும் திரும்பச் செய்ய வேண்டும் என்று படிப்பிக்கிற சேர் சொல்லியிருந்தார். ஆய்வுகூடத்தில் அடுத்த முறை கிடைக்க எவ்வளவு நாள் செல்லுமோ.

ஞாயிறு காலை, வகுப்புக்குப் போகுமுன், புள்ளிகளை வைத்துவிட்டு என்னிடம் நீட்டினாள். கோடு இழுக்க எனக்குக் கை நடுங்காது என்பது அவளுடைய நம்பிக்கை.

மெதுவாக ஏறிக்கொண்டு வந்த புள்ளிகள் நடுவில் திடீரென்று மேலே பாய்ந்திருந்தன. காலி வீதி பஸ் சத்தத்தில் பிள்ளை கை தவறி வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்படி ஒரு சட்டையை வெட்டினால், போட்டவர் கையைத் தூக்கியதும் கக்கத்தில் கிழியும். ஆகவே கைக்குழி வெட்டுகிற வளைந்த அடிமட்டத்தை வைத்து, அந்தப் புள்ளிகளை விட்டு விலகி, மெல்லிய சரிவாகப் பென்சிலால் இழுத்தேன். வடிவான வளைவு.

எட்டிப் பார்த்த மனைவி, "இதுக்குப் பொத்தானும் வைச்சுக் குடுக்கிறியளோ?" என்றாள்.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்பா, அது பிழை இல்லை. அந்தப் பாய்ச்சலைப் பிடிக்கத்தான் சொட்டுச் சொட்டா விட்டனான். அதின்ர நடுவிலதான் சமவலுப்புள்ளி. நீங்கள் அதையே வெட்டிப்போட்டியள்."

இறேசரால் அழித்து, வெறுங்கையால் அவசரமாக இழுத்தாள். செங்குத்தாக ஏறிய பகுதியின் நடுவில் புள்ளி வைத்து, நேரே கீழே கோடு இறக்கி, காரத்தின் அளவைக் குறித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அவள் இழுத்த கோட்டின் கோணலில் எனக்கு அன்று முழுக்கத் துணி வெட்ட மனம் வரவில்லை.

பின்னேரம் வந்தாள். விடை சரியாம், திரும்பச் செய்யத் தேவையில்லையாம். பெரிய ஆறுதல். ஆனாலும், கோடு கோணலாக இருக்கிறதென்று சேர் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"அவர் கோட்டின்ர வடிவைப் பாக்கேல்ல, அப்பா. புள்ளி எங்க எண்டுதான் பாத்தவர்."