சண்டை போட்டுக் கூட்டம் சேர்ப்பவர்

எதிர்வீட்டு வாசலில் இருக்கும் குப்பைத் தொட்டியைக் கூட்டக்காரர் காலால் ஒரு சாண் தள்ளுகிறார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "எவன்டா இத இங்க வெச்சது?" என்று தெருவே அதிரக் கத்துகிறார். வைத்தவர் அவரேதான்.

மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் அவர் கிளார்க். மாதம் ஒருமுறை தெருக்காரர்களை வரவழைத்து, குறைகளை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துத் தீர்மானம் போடுவது அவர் பொறுப்பு. இருபத்தைந்து கையெழுத்து இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. மாநகராட்சியும் என்னென்னவோ செய்து பார்த்தது. வந்தால் குடை இனாம் என்றது. குடையை வாங்கியவர்கள் அதை விரித்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்கள்.

"மீட்டிங்னா ஒரு பய எட்டிப் பாக்க மாட்டான் சார். சண்டைன்னு சொல்லிப் பாருங்க, அடுப்புல வெச்சத அப்படியே விட்டுட்டு ஓடி வருவாங்க" என்பார். அதனால் மாதாமாதம் எதிர்வீட்டு மச்சினனோடு ஒரு சண்டை. மச்சினன் மெக்கானிக், நல்ல கனத்த தொண்டை. ஆள் சேர்ந்ததும் கூட்டக்காரர் சட்டென்று குரலைத் தாழ்த்தி, கக்கத்திலிருக்கும் பதிவேட்டை விரிப்பார். "சரி, எல்லாரும் வந்தாச்சு. முதல் தீர்மானம்." வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனாலும் சாக்கடை அடைப்பு என்று யாராவது ஆரம்பித்துவிட்டால், அப்புறம் அவர்கள் வாயை மூடவைப்பதுதான் பெரும்பாடு.

மச்சினன் வெளியூர் போயிருந்த இரண்டு மாதமும் ஆள் சேரவில்லை. இன்றும் சேராவிட்டால் பின்சந்துக்குக் கேட்ட தெருவிளக்கு பட்டியலிலிருந்தே போய்விடும். அந்த இருட்டுச் சந்தில் இதுவரை மூன்று பேர் விழுந்திருக்கிறார்கள்; ஒருவர் இவரே.

திரும்பி வந்த மச்சினனோ காலையில்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருக்கிறான். வாய் நிறையப் பஞ்சு. "ம்ம்... ம்ம்ம்!" என்று விரலை மட்டும் ஆட்டுகிறான். ஒற்றைக் குரல் சண்டைக்கு ஒன்பது பேர்தான் தேறினார்கள். அவர்களும் கலையப் பார்க்கிறார்கள். கூட்டக்காரருக்கு அழுகையே வந்துவிடும்போலிருக்கிறது.

அப்போது மாடியிலிருந்து அவர் மனைவி இறங்கி வருகிறாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் ஒரு கூட்டத்துக்கும் வராதவள்.

"ஏங்க, மனசாட்சி இருக்கா உங்களுக்கு? பல்லப் புடுங்கிட்டு வந்த எந்தம்பிய வெயில்ல நிக்க வெச்சிருக்கீங்க! வீட்டுக் குழாய் மூணு மாசமா ஒழுகுது, அதக் கேக்க நாதியில்ல. இவரு ஊருக்கு விளக்கு போடப் போறாராம்!"

இது நிஜச் சண்டை என்று தெருவுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. கதவுகள் படபடவென்று திறக்கின்றன. முடிதிருத்துபவர் பாதி மழித்த முகத்தோடிருக்கும் ஆளையும் கூட்டிக்கொண்டு வருகிறார். கூட்டக்காரர் தலையைக் குனிந்து ஏச்சு வாங்கிக்கொண்டே ஓரக்கண்ணால் எண்ணுகிறார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று, இருபத்து நான்கு. அதற்குமேல் யாரும் வரவில்லை.

மனைவி மூச்சு வாங்க நிறுத்துகிறாள். அவர் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி, பேனா மூடியைக் கழற்றி, இரண்டு கையாலும் நீட்டுகிறார்.