உருகிப்போன மெழுகுக் கால்

பிறர் பயத்தைப் பகடி பண்ணியே பெயர் வாங்கியவன் நான். இன்று என் பயத்தைச் சொல்கிறேன், தாராளமாகச் சிரியுங்கள்.

என் மகள் ஸ்டெல்லாவின் இடது காலில் இருந்த வீக்கம் வற்றினால், கண்டியில் மாதாவுக்கு மெழுகுக் கால் வைப்பதாக நேர்த்தி வைத்திருந்தேன். வற்றியது. எங்கள் ஊர் வத்தேகமவுக்கு பஸ் ஓடத் தொடங்கிய புதிது. சாரதிக்குப் பக்கத்தில் பெருமையாக உட்கார்ந்து, மெழுகுக் கால் பொட்டலத்தை எஞ்சின் மூடிமேல் வைத்தேன். கண்டியில் பிரித்தால், விரலும் இல்லை, குதிகாலும் இல்லை. இட்லி போல ஒரு கட்டி!

அந்த நேரம் பார்த்து, பஸ்ஸைவிட்டு இறங்கிய ஸ்டெல்லா நொண்டினாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. நடுத்தெருவில் அவளை உட்காரவைத்து, காலை அமுக்கி அமுக்கி, மாதாவை வேண்டும் பிரியதத்த மந்திரம் சொன்னேன்.

"விடுங்கப்பா, கூசுது! மடிச்சு உட்கார்ந்ததுல மரத்துப்போச்சு."

நம்புவேனா? கோயில் வாசலில் மெழுகுதிரி விற்ற பெண்ணிடம் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"அக்கா, கால் உருகிருச்சு!"

அவர் பதறிப்போய் ஸ்டெல்லாவின் காலைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கட்டியைப் பார்த்தார்.

"இதுவா? சூடு பட்டா தண்ணியாகும், ஆறினா கட்டியாகும். மெழுகு எங்க தம்பி போகப்போகுது?"

கரியடுப்பில் உருக்கி அச்சில் ஊற்றினார். தண்ணீராய்த் தெளிந்திருந்தது மெல்ல வெளுத்து இறுகியது. நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"கையை எடுங்க, கோணிக்கும்!"

வந்தது வலது கால். அவரிடம் அந்த ஓர் அச்சுதான் இருந்தது.

"ஐயோ, நேர்ந்தது இடது கால்!" என்று அலறினேன்.

ஸ்டெல்லா அதைப் பிடுங்கிக்கொண்டு பீடத்தை நோக்கி ஓடினாள். பின்னாலிருந்து பார்த்தேன். ஓடுகிற அவள் கால்கள் இரண்டில் எது வீங்கிக் கிடந்த கால் என்று எனக்கே தெரியவில்லை. அத்தோடு வாயை மூடிக்கொண்டு முழந்தாளிட்டேன்.